ஜியா சராய் ‘சிங்குலர் புள்ளி’ நோட்ஸ்: மூன்றாம் அத்தியாயத்துக்காக வாங்கலாம், முதலாவதைத் திருத்திவிட்டுப் படியுங்கள்

டெல்லி ஐ.ஐ.டி. மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஜியா சராய் சந்துகளில் நெட், கேட், ஜாம் தேர்வுகளுக்கு நோட்ஸ் விற்கும் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கணித நோட்ஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், இல்லையென்றால் இந்தி கலந்த ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து முனிர்காவிலும் கட்வாரியா சராயிலும் அறை எடுத்துப் படிக்கும் எம்.எஸ்சி. மாணவர்கள் தேடுவது, விளக்கம் தமிழிலும் சூத்திரம் வழக்கமான குறியீட்டிலும் உள்ள ஒன்றை. அப்படிப்பட்ட ஒரு ஸ்பைரல் நோட்ஸ்தான் இது. ரெகுலர் புள்ளி (சார்பு ஒழுங்காக நடந்துகொள்ளும் இடம்), சிங்குலர் புள்ளி (அது கெட்டுப்போகும் இடம்) என்ற ஒரே தலைப்பில் ஐந்து அத்தியாயங்கள், 140 பக்கம், விலை 300 ரூபாய். அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை. கடையின் பெயரும் இங்கே தேவையில்லை.

வாங்கலாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் முதல் அத்தியாயத்தை அப்படியே மனப்பாடம் செய்தவருக்கு நெட் தேர்வின் பார்ட் சி-யில் மதிப்பெண் போகும். அந்தப் பகுதியில் ஒரு கேள்விக்கு 4.75 மதிப்பெண். சரியான விடைகள் எல்லாவற்றையும் குறித்தால்தான் அது கிடைக்கும், ஒன்று விடுபட்டாலும் பூஜ்யம். அரைகுறையாகத் தெரிந்த வரையறை அங்கே எதற்கும் உதவாது.

சிங்குலர் புள்ளிகளை வகை பிரிக்கும் முதல் அத்தியாயத்தின் முக்கியக் கோளாறு ஒரே இடத்தில் இருக்கிறது. நான்காம் பக்கத்தில் ஒரு அட்டவணை. லிமிட் இருந்தால் நீக்கத்தக்க சிங்குலர் புள்ளி, அளவு முடிவிலிக்குப் போனால் போல், இரண்டும் இல்லையென்றால் எசென்ஷியல். மூன்று வரியும் சரி. ஆனால் அவற்றுக்கு முன்னால் வரவேண்டிய வரியைக் காணோம்: அந்தப் புள்ளி தனித்த சிங்குலர் புள்ளியா? அதாவது, அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டால், அதைச் சுற்றி ஒரு சிறு வட்டம் முழுவதும் சார்பு அனலிட்டிக்காக (அடுக்குத் தொடராக விரிக்கத்தக்கதாக) இருக்கிறதா? இதற்கு ‘ஆம்’ என்று விடை வந்த பிறகுதான் அட்டவணையைத் தொடவே வேண்டும்.

இது விடுபட்டதால் என்ன ஆகிறது என்று பத்தாம் பக்கத்துக் கணக்கில் தெரிகிறது. சார்பு 1/சைன்(1/இசட்), புள்ளி 0. லிமிட் இல்லை, முடிவிலிக்கும் போகவில்லை, ஆகவே எசென்ஷியல் என்று முடித்துவிட்டு, அடுத்த வரியில் 0-வில் ரெசிட்யூ (எதிர் அடுக்குகளும் வரும் லோரான் தொடரில் 1/இசட்-இன் கெழு) கண்டுபிடிக்கச் சொல்கிறது நோட்ஸ். சைன்(1/இசட்) பூஜ்யமாகும் இடங்கள் 1/பை, 1/(2பை), 1/(3பை) என்று 0-வை நோக்கி நெருங்கிக்கொண்டே வருகின்றன. அத்தனையும் போல்கள். 0-வைச் சுற்றி எவ்வளவு சிறிய வட்டம் போட்டாலும் அதற்குள் எண்ணற்ற போல்கள் விழும். எனவே 0 தனித்த புள்ளி அல்ல, அங்கே லோரான் தொடர் இல்லை, ரெசிட்யூ என்ற பேச்சுக்கும் இடமில்லை. நம் பல்கலைக்கழகப் பாடநூல்கள் சில இதைத் ‘தனித்ததல்லாத எசென்ஷியல்’ என்று எழுதும். பெயர் எதுவானாலும் ரெசிட்யூ கிடையாது. பக்கத்திலேயே சைன்(1/இசட்) என்ற சார்பையும் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு 0 தனித்த எசென்ஷியல் புள்ளி, ரெசிட்யூ 1. பூஜ்யங்கள் வந்து குவியும் இடம் ஒன்று, போல்கள் வந்து குவியும் இடம் இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் வித்தியாசத்தையும் ஒரு வரியில் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் தேறியிருக்கும்.

இதே வழுக்கல் கிளைப் புள்ளிகளிலும் (ஒரு முறை சுற்றி வந்தால் சார்பின் மதிப்பு மாறிவிடும் புள்ளிகள்) உண்டு. வர்க்கமூலக் குறியைப் பார்த்தவுடன் ‘0 கிளைப் புள்ளி’ என்று எழுதிவிடுகிறார்கள். வர்க்கமூலம் இசட், லாக் இசட் இரண்டுக்கும் அது சரி. ஆனால் பயிற்சியில் இருக்கும் சைன்(√இசட்)/√இசட் வேறு. தொடராக விரித்தால் 1 − இசட்/6 + இசட்²/120 − … என்று முழு அடுக்குகள் மட்டுமே வருகின்றன. √இசட்-க்கு எதிர்க்குறி போட்டாலும் மதிப்பு மாறாது. எனவே கிளையே இல்லை. 0-வில் மதிப்பு 1 என்று வைத்துவிட்டால் இது தளம் முழுவதும் அனலிட்டிக். விடைப்பக்கத்தில் ‘கிளைப் புள்ளி’ என்று இருப்பதை அடித்துவிடுங்கள். காஸ்(√இசட்)-க்கும் இதே நியாயம்தான்.

இரண்டாம் அத்தியாயம் லோரான் தொடர். போலின் வரிசை கண்டுபிடிக்கும் முறையை நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். கீழே இருக்கும் அடுக்கை மட்டும் எண்ணாதே, மேலே இருக்கும் சார்பின் பூஜ்ய வரிசையைக் கழி என்பதே அது. (1 − காஸ் இசட்)/இசட்⁴ என்பதில் கீழே 4, மேலே 2, ஆகவே இரண்டாம் வரிசைப் போல். விரித்தால் முதல் உறுப்பு 1/(2இசட்²), 1/இசட் உறுப்பு இல்லை, ரெசிட்யூ 0. (இசட் − சைன் இசட்)/இசட்³ என்பதில் மேலும் கீழும் 3, ஆகவே நீக்கத்தக்கது, நிரப்ப வேண்டிய மதிப்பு 1/6. அடுக்கை மட்டும் எண்ணிப் பழகியவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தால் பழக்கம் மாறிவிடும்.

இந்த அத்தியாயத்தில் சொல்லாமல் விட்டது வளையத் தேர்வு. 1/(இசட்(இசட் − 1)) என்ற சார்பை இசட்டின் அளவு 1-க்கு மேல் உள்ள பகுதியில் விரித்தால் 1/இசட்² + 1/இசட்³ + 1/இசட்⁴ + … என்று எதிர் அடுக்குகள் முடிவில்லாமல் போகும். அதைப் பார்த்து ‘0 எசென்ஷியல்’ என்று எழுதும் மாணவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். 0-வின் தன்மையைச் சொல்லும் உரிமை 0-வை ஒட்டிய வளையத்துக்கு மட்டுமே உண்டு. அளவு 0-வுக்கும் 1-க்கும் இடைப்பட்ட வளையத்தில் விரித்தால் −1/இசட் − 1 − இசட் − …, சாதாரண முதல் வரிசைப் போல், ரெசிட்யூ −1. வெளி வளையத்தில் 1/இசட்-இன் கெழு 0 என்பதும் வீண் தகவல் அல்ல. அது 0-விலும் 1-இலும் உள்ள ரெசிட்யூக்களின் கூட்டுத்தொகை, அதாவது −1 + 1. நோட்ஸில் இரண்டு விரிவுகளும் இருக்கின்றன. எது எதற்கு என்ற வரிதான் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாம் அத்தியாயம். 300 ரூபாயும் இந்த 30 பக்கத்துக்கே தகும். அடுக்குத் தொடரின் குவிவு வட்டத்தின் மேல் (தொடர் இதற்குள் குவியும், வெளியே குவியாது) எந்தப் புள்ளி ரெகுலர், எந்தப் புள்ளி சிங்குலர் என்பதுதான் பொருள். ஜியா சராயில் கிடைக்கும் பெரும்பாலான நோட்ஸ் இதை ஒரு பக்கத்தில் தாண்டிப் போய்விடும். இங்கே வரையறை துல்லியமாக வந்திருக்கிறது. வட்டத்தின் மேல் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் இருந்து, அதில் அனலிட்டிக்கான வேறொரு சார்பு நம் சார்போடு பொதுப்பகுதியில் ஒத்துப்போனால் அந்தப் புள்ளி ரெகுலர். இல்லையென்றால் சிங்குலர். தொடர் அந்தப் புள்ளியில் குவிகிறதா என்ற கேள்வி இந்த வரையறையில் எங்குமே இல்லை.

இதை விளக்க மூன்று தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். கெழு 1 உள்ள தொடர், கெழு 1/என் உள்ள தொடர், கெழு 1/என்² உள்ள தொடர். மூன்றுக்கும் குவிவு ஆரம் 1. முதலாவது வட்டத்தின் மேல் எங்குமே குவியாது. இரண்டாவது இசட் = 1 தவிர எல்லா இடத்திலும் குவியும். மூன்றாவது வட்டம் முழுவதும் தனிமதிப்பாகவே குவியும். ஆனால் மூன்றுக்கும் வட்டத்தின் மேல் சிங்குலர் புள்ளி ஒன்றே ஒன்று, அது இசட் = 1. முதல் தொடர் எங்குமே குவியாவிட்டாலும் 1/(1 − இசட்) என்ற சார்பாக −1-ஐயும் தாண்டி நிம்மதியாகப் போகிறது. மூன்றாவது 1-இல் குவிந்தாலும் அதன் வகைக்கெழு அங்கே வரம்பில்லாமல் வளர்கிறது. இந்த ஒரு பக்கத்தைப் புரிந்துகொண்டவர் ‘குவிந்தால் ரெகுலர்’ என்ற விடையைத் தேர்வில் ஒருநாளும் குறிக்க மாட்டார். கெழுக்கள் எல்லாம் எதிரெண் அல்லாதவையாக இருந்தால் குவிவு வட்டம் நேர் அச்சை வெட்டும் புள்ளி கட்டாயம் சிங்குலர் என்ற பிரிங்ஸ்ஹைம் தேற்றத்தையும் இங்கேயே கொடுத்து, மூன்று தொடருக்கும் ஒரே வரியில் விடை எடுத்துக் காட்டுகிறார்கள்.

சோதிக்கும் வழியும் செய்முறையாக இருக்கிறது. வட்டத்தின் மேல் −1-ஐச் சோதிக்க வேண்டுமா? −1/2-ஐ மையமாக எடுத்துச் சார்பை மறுபடி விரி. அந்தப் புதிய தொடரின் குவிவு ஆரம் சரியாக 1/2 என்றால் −1 சிங்குலர், 1/2-ஐ விட அதிகம் என்றால் ரெகுலர். 1/(1 − இசட்)-க்கு −1/2-இலிருந்து ஆரம் 3/2, எனவே −1 ரெகுலர். +1/2-இலிருந்து ஆரம் சரியாக 1/2, எனவே 1 சிங்குலர். புதிய வட்டம் பழைய வட்டத்தை அந்த ஒரே புள்ளியில் மட்டும் தொடும்படி மையத்தை அதே ஆரக்கோட்டின் மேல் எடுப்பதுதான் இதில் சூட்சுமம். கோட்டை விட்டு விலகிய மையத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது.

குவிவு வட்டத்தின் மேல் குறைந்தது ஒரு சிங்குலர் புள்ளியாவது இருந்தே தீரும் என்ற தேற்றத்தின் நிரூபணத்தில் மட்டும் ஒரு படி குறைகிறது. எல்லாப் புள்ளியும் ரெகுலர் என்று வைத்துக்கொண்டு, முடிவுறு எண்ணிக்கையிலான சிறு வட்டங்களால் குவிவு வட்டத்தை மூடிவிட்டு, ‘ஆகவே சார்பு பெரிய வட்டத்துக்கு நீள்கிறது, முரண்பாடு’ என்று முடிக்கிறார்கள். இரண்டு சிறு வட்டங்கள் வெட்டும் இடத்தில் அவற்றின் சார்புகள் ஒன்றேதானா என்று சொல்லவில்லை. விடை எளிது. இரண்டு மையங்களும் குவிவு வட்டத்தின் மேல் இருப்பதால் அவற்றை இணைக்கும் நாண் வட்டத்துக்குள்ளே போகிறது. வெட்டும் பகுதியில் அந்த நாணின் ஒரு துண்டு கட்டாயம் உண்டு. அங்கே இரண்டு சார்பும் மூலச் சார்போடு ஒத்துப்போகின்றன. வெட்டும் பகுதி ஒரே துண்டாக இருப்பதால் அது முழுவதும் ஒத்துப்போயாக வேண்டும்.

அத்தியாயத்தின் சிகரம் 2-இன் அடுக்குகளை மட்டும் அடுக்காகக் கொண்ட தொடர்: இசட் + இசட்² + இசட்⁴ + இசட்⁸ + …. இந்தச் சார்பை எஃப் என்றால், எஃப்(இசட்) = இசட் + எஃப்(இசட்²). நேர் அச்சில் 1-ஐ நெருங்கும்போது எஃப் வரம்பின்றி வளர்கிறது. −1-ஐ நெருங்கினால் இசட்² 1-ஐ நெருங்குகிறது, எனவே அங்கும் வளர்கிறது. 1-இன் நான்காம் மூலங்களை நெருங்கினால் இசட்² −1-ஐயோ 1-ஐயோ நெருங்குகிறது, அங்கும் அப்படியே. 8, 16, 32 என்று இந்த மூலங்கள் வட்டம் முழுவதும் இடைவெளியின்றி அடர்ந்துவிடுகின்றன. ரெகுலர் புள்ளி ஒன்று இருந்தால் அதன் இருபுறமும் ஒரு சிறு வில் முழுவதும் ரெகுலராக இருக்க வேண்டும். அப்படி ஒரு வில்லுக்கு இங்கே இடமே இல்லை. ஆகவே வட்டம் முழுவதும் சிங்குலர். நான்கு வரியில் முடிந்துவிட்டது, அழகான நிரூபணம். பெரிய தேற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த படியாக, இதே தொடரின் கெழுக்களை 1/என்! என்று மாற்றி வைக்கிறார்கள். இப்போது சார்பும் அதன் எல்லா வகைக்கெழுக்களும் மூடிய வட்டம் முழுவதும் தொடர்ச்சியானவை. ஆனாலும் 1892-இல் ஹடமார்ட் கொடுத்த இடைவெளித் தேற்றப்படி ஒரு புள்ளிகூட ரெகுலர் அல்ல. எத்தனை முறை வகையிட முடிந்தாலும் அனலிட்டிக் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் கிடைப்பது கடினம்.

நான்காம் அத்தியாயம் வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒரு முன்னெச்சரிக்கை. நெட் பாடத்திட்டத்தில் வரும் ‘சிங்குலர் தீர்வு’ வேறு, இங்கே பேசும் சிங்குலர் புள்ளி வேறு. கிளேரோ சமன்பாட்டின் உறைவளைவுக்கும் (அதன் சிங்குலர் தீர்வு) சிங்குலர் புள்ளியை ஒட்டித் தொடராகத் தீர்வு காணும் ஃப்ரோபீனியஸ் முறைக்கும் சம்பந்தமில்லை, நோட்ஸின் பொருளடக்கமோ இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறது. ஃப்ரோபீனியஸ் முறை, லெஜாந்தர், பெஸ்ஸல் எல்லாம் கேட் பாடத்திட்டத்தில் நேரடியாக இருப்பவை. நெட் மட்டும் எழுதுபவர் இந்த அத்தியாயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

படிகள் சரியாகவே இருக்கின்றன. ஒய்″-இன் கெழுவால் வகு, பொதுக் காரணிகளை நீக்கு, ஒய்′-இன் கெழு பி, ஒய்-இன் கெழு க்யூ என்று எடு. இரண்டும் அனலிட்டிக் என்றால் சாதாரணப் புள்ளி. இல்லையென்றால் பி-யை எக்ஸ்-ஆலும் க்யூ-வை எக்ஸ்²-ஆலும் பெருக்கிப் பார். இரண்டும் அனலிட்டிக் ஆனால் ரெகுலர் சிங்குலர், ஒன்று ஆகாவிட்டாலும் இர்ரெகுலர். எக்ஸ்·ஒய்″ + (சைன் எக்ஸ்)·ஒய்′ + எக்ஸ்·ஒய் = 0 என்பதில் வகுத்தபின் பி = சைன் எக்ஸ்/எக்ஸ், க்யூ = 1. இரண்டும் 0-வில் அனலிட்டிக், எனவே 0 சாதாரணப் புள்ளி. முன்னால் எக்ஸ் நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இர்ரெகுலர் புள்ளியில் என்ன கெட்டுப்போகிறது என்பதை எக்ஸ்²·ஒய்″ + (3எக்ஸ் − 1)·ஒய்′ + ஒய் = 0 என்ற சமன்பாட்டால் காட்டியிருப்பது நல்ல தேர்வு. தொடரைப் போட்டுக் கெழுக்களை ஒப்பிட்டால் ஒவ்வொரு கெழுவும் முந்தையதன் (என் + 1) மடங்கு. தீர்வு 1 + எக்ஸ் + 2எக்ஸ்² + 6எக்ஸ்³ + 24எக்ஸ்⁴ + …. கணக்கு எங்கும் தடுக்கவில்லை, தொடர் பிறந்துவிட்டது. ஆனால் குவிவு ஆரம் 0, அது 0-வைத் தவிர எங்கும் குவியாது. ஃபுக்ஸ் 1866-இலும் ஃப்ரோபீனியஸ் 1873-இலும் ரெகுலர் சிங்குலர் புள்ளிக்கு ஏன் தனி நிபந்தனை வைத்தார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கே பதில்.

பிழை வருவது குறியீட்டுச் சமன்பாட்டின் (தொடர்த் தீர்வு எந்த அடுக்கில் தொடங்கும் என்று சொல்வது) மூலங்களைப் பற்றிய பெட்டியில். ‘வித்தியாசம் முழு எண் என்றால் லாக் வரும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வரலாம் என்பதுதான் சரி. வரிசை 1/2 உள்ள பெஸ்ஸல் சமன்பாட்டில் மூலங்கள் 1/2, −1/2, வித்தியாசம் 1. ஆனால் தீர்வுகள் சைன் எக்ஸ்/√எக்ஸ், காஸ் எக்ஸ்/√எக்ஸ், லாக் இல்லை. வரிசை 1 என்றால் வித்தியாசம் 2, லாக் உண்டு. எக்ஸ்·ஒய்″ − ஒய்′ = 0-வில் மூலங்கள் 0, 2. தீர்வுகள் 1, எக்ஸ்². லாக் இல்லாதது மட்டுமல்ல, இரண்டு தீர்வும் 0-வில் அனலிட்டிக். புள்ளி சமன்பாட்டுக்குத்தான் சிங்குலர், தீர்வுக்கு அல்ல. இரண்டு மூலமும் சமமாக இருந்தால் மட்டுமே லாக் நிச்சயம். பெட்டியில் அந்த ஒரு சொல்லைத் திருத்திவிட்டு இந்த மூன்று உதாரணத்தையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவிலிப் புள்ளிக்கு எக்ஸ் = 1/டி என்று மாற்றும்போது 2/டி என்ற உறுப்பு தானாக வந்து சேரும். நோட்ஸில் ஒரு கணக்கில் அது விடுபட்டிருக்கிறது. ஒய்″ = 0 என்ற சமன்பாட்டிலேயே சரிபார்க்கலாம். மாற்றிய பின் ஒய்′-இன் கெழு 2/டி, எனவே முடிவிலி ரெகுலர் சிங்குலர். மூலங்கள் 0, −1, அதாவது தீர்வுகள் 1, எக்ஸ். 2/டி-யை மறந்தால் முடிவிலி சாதாரணப் புள்ளி என்று தவறான விடை வரும்.

ஐந்தாம் அத்தியாயம் பயிற்சிக் கணக்குகள். தரம் பரவாயில்லை, முதல் அத்தியாயத்தின் பிழைகள் விடைகளிலும் தொடர்கின்றன. 1/இசட்-க்கு முடிவிலியில் ரெசிட்யூ 0 என்று போட்டிருக்கிறார்கள், −1 என்று திருத்துங்கள். சார்பு அங்கே ரெகுலர்தான், ஆனாலும் முடிவிலியில் ரெசிட்யூ பூஜ்யமாகத்தான் இருக்கும் என்ற விதி இல்லை.

அச்சு பற்றி ஒன்று. நகலின் நகல் என்பதால் அடுக்கில் உள்ள சிறிய கழித்தல் குறியும் ஒய் மேல் உள்ள கோடும் பல பக்கங்களில் மங்கிவிட்டன. ஸ்பைரல் துளை இடது ஓரத்துச் சூத்திரங்களின் முதல் எழுத்தைத் தின்றுவிடுகிறது. வாங்கும்போது மூன்று, நான்காம் அத்தியாயங்களைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள், மங்கலாக இருந்தால் வேறு பிரதி கேளுங்கள். பைண்டிங் போடாமல் தாளாகவும் தருகிறார்கள், ஃபைலில் போட்டு வைத்தால் ஓரம் தப்பும். நெட்டுக்கு மட்டும் படிப்பவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களைத் தனியாக நகல் எடுத்துத் தரச் சொல்லலாம், கடையில் மறுப்பதில்லை.